அருவிக்குள் நீட்டிய கை

அருவியிலிருந்து வெளியே வந்த அண்ணியின் வலது கை மூடியிருந்தது. உள்ளங்கையில் எதையோ வைத்திருப்பவர் மாதிரி விரல்களை இறுக்கி, அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, பாறை பாறையாகக் கால் வைத்து வந்தார். புடவையிலிருந்து தண்ணீர் கொட்டியது. குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது. அந்த மாதிரி முகத்தை நான் ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை.

"கையில இன்னா அண்ணி?" என்றேன்.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். மெல்ல விரித்தார். ஒன்றுமில்லை. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய வெறும் கை.

"ஒண்ணுமில்ல கோமதி. இன்னொரு வாட்டி போயிட்டு வந்துடறேன்."

"போதும் அண்ணி. சளி புடிச்சிக்கும்."

"இதோ வந்துடறேன்."

நான் துண்டை நீட்டுவதற்குள் திரும்பிவிட்டார். வெள்ளைச் சாரல் அவரை மூடிக்கொண்டது.

"விடு கோமதி," என்றார் என் வீட்டுக்காரர். சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "எங்கக்கா சிரிச்சி எவ்ளோ நாளாச்சி. நல்லா குளிக்கட்டும்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் விரித்த அந்தக் கையை அண்ணி பார்த்த விதம் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. காலியாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர் மாதிரி இருந்தது அது.

வெள்ளிக்கோடு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அருவி என்றால் கொஞ்சம் பைத்தியம்தான். மலை இருக்கிறது, உலகமே வந்து கிரிவலம் சுற்றுகிறது, ஆனால் அதில் தண்ணீர் கொட்டாது. பெருமழை பெய்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ பாறையில் வெள்ளிக்கோடு இழுத்த மாதிரி ஏதோ தெரியும். உடனே எங்கள் வேங்கிக்காலில் இருக்கிற மொட்டைமாடி எல்லாம் நிறைந்துவிடும். ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்போம். படத்தில் பாறை மட்டும்தான் விழும்.

அதனால் ஐப்பசியில் நாலு மழை பெய்ததும் ஜவ்வாது மலைக்குக் கிளம்பிவிடுவோம். ஒரே நாளில் போய் வந்துவிடலாம். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டால் போதும்.

அந்த வருஷம் கிளம்பியது அண்ணிக்காக.

மல்லிகா அண்ணி என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். அவரும் அவர் கணவர் தனபால் அண்ணனும் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்தார்கள். பிள்ளைகள் கிடையாது. மாடியில் ரெண்டு அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். குளிர்காலம் பிறந்தால் மாடி நிறைந்துவிடும். யார் யாரோ வந்து மாதக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

அவர்களைப் பார்த்துத் தனபால் அண்ணன் ஒரு பழக்கம் கற்றுக்கொண்டார். வெளியே போனால் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வார். எங்கள் பக்கம் ஐம்பது வயது ஆம்பிளை யாரும் தெருவில் பெண்டாட்டி கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில், கல்யாண மண்டபத்தில், ஏன், ரேஷன் கடை வாசலில்கூடப் பிடிப்பார். "விடுங்க, மானம் போவுது" என்று அண்ணி கையை உதறுவார். ரெண்டடி போவதற்குள் அவர் மறுபடி பிடித்துக்கொள்வார். "வெள்ளக்காரங்களப் பாத்துக் கெட்டுப்போயிட்டாருடி இந்த மனுஷன்" என்று என்னிடம் வந்து முறையிடுவார் அண்ணி. முறையிடும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

ஒரு நாள் விடியற்காலையில் அண்ணி விழித்தபோது பக்கத்தில் படுத்திருந்தவரின் கை சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாடியில் யாருக்கும் அறை விடவில்லை. அண்ணி அதிகம் அழவுமில்லை. வந்தால் உட்காருவார், கேட்டால் பதில் சொல்வார், சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். அழுதிருந்தால் எங்களுக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. வருஷத் திதி முடிந்ததும் என் வீட்டுக்காரர் செல்வம், "அக்காவ எங்கனா கூட்டிக்கினு போவணும்" என்றார். தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ரெண்டு பேர், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் யாழினி, அண்ணி என்று நாலு பேரும் எங்கள் பழைய காரில் கிளம்பினோம்.

முதல் அருவி

போளூர் தாண்டியதும் மழை விட்டு விட்டுத் தூறியது. மலை ஏறத் தொடங்கியதும் மேகம் சாலைக்கே இறங்கிவிட்டது. வளைவுகளில் சீத்தாப்பழம் விற்கிறவர்கள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். பழம் வாங்கக் கண்ணாடியை இறக்கினால் புகை மாதிரி மேகம் உள்ளே வந்தது. சாமை விளைந்த நிலங்கள் பக்கத்தில் வருகிறபோது மட்டும் தெரிந்து மறைந்தன.

முதலில் எல்லோரும் போகிற அருவிக்குத்தான் போனோம். வனத்துறை பூங்காவும் பக்கத்தில் இருந்தது. ஊஞ்சல், சறுக்குமரம், சிமெண்ட் மான். மழையில் நனைந்த மான்களின் கண்ணில் மட்டும் யாரோ புதிதாகக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். எந்தப் பக்கம் நடந்தாலும் அவை நம்மையே பார்ப்பது போலிருந்தது. யாழினி அதில் ஒன்றின் மேல் உட்காரப் போய், ஏனோ வேண்டாமென்று வந்துவிட்டாள்.

அருவியில் ஒரே கூட்டம். ஸ்பீக்கரில் பாட்டு. மீன் வறுவல் வாசனை. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அண்ணி வேடிக்கை பார்த்தார். "குளிக்கலையா அத்தை?" என்று யாழினி கேட்டதற்கு, "இவ்ளோ பேர் நடுவுலயா?" என்றார். அவ்வளவுதான். செல்வத்தின் முகம் வாடிவிட்டது.

டீக்கடை அம்மாதான் இன்னொரு அருவி இருக்கிறது என்று சொன்னார். சாலையில் கொஞ்சம் தூரம் போய், ஒரு ஓடையோடு உள்ளே நடந்தால் வருமாம்.

"ஜனம் ஜாஸ்தி இருக்குமா?" என்றார் செல்வம்.

"யாரும் இருக்க மாட்டாங்க," என்றார் அந்த அம்மா. அதை ஏனோ என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்த அருவியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. படித்துவிட்டு யாராவது கிளம்பிவிடப் போகிறீர்கள்.

யாருமில்லாத இடம்

ஓடை சாலையைத் தாண்டுகிற இடத்தில் ஒரு டூவீலர் நின்றிருந்தது. பின்னால் கட்டியிருந்த சாக்குமூட்டை மழையில் ஊறிக் கறுத்திருந்தது. சீட்டில் உதிர்ந்த இலைகள் ஒட்டியிருந்தன. யாரோ பக்கத்துக் காட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் உள்ளே நடந்தோம்.

போகப் போகத் தண்ணீர்ச் சத்தம் கூடியது. மற்ற சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. குருவி இல்லை, பூச்சி இல்லை. கொஞ்ச நேரத்தில் நாங்களே பேசுவதை நிறுத்திவிட்டோம்.

அருவி பெரிய உயரமில்லை. ஒரு வீட்டு மாடி அளவுதான் இருக்கும். ஆனால் அகலம். மேலே பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததால் தண்ணீர் பாறையை ஒட்டி வழியாமல், திரை தொங்கவிட்ட மாதிரி நேராக விழுந்தது. சுற்றிலும் பாறைச்சுவர். மேலே மேகம் மூடியிருந்தது. மத்தியானமே சாயங்காலம் மாதிரி இருந்தது.

அண்ணி நின்று அதைப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். போனார், வந்தார், மறுபடி போனார். ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிக நேரம் உள்ளே நின்றார்.

அப்போதுதான் பாட்டுச் சத்தம் கேட்டது.

மெல்லிய நாதஸ்வரம். அருவிச் சத்தத்துக்கு அடியில், வருவதும் போவதுமாக. முதலில் என் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். யாழினியைப் பார்த்தேன். அவளும் தலையைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்கும் கேக்குதா?"

நின்றுவிட்டது. சிறிது நேரம் கழித்து மறுபடி அதே இடத்திலிருந்து ஆரம்பித்தது.

யாழினி பாறைகளைச் சுற்றிக்கொண்டு போனாள். "அப்பா!" என்று அவள் கூப்பிட்ட குரலில் நாங்கள் ரெண்டு பேரும் ஓடினோம்.

ஒரு பாறையிடுக்கில், மழை படாத இடமாகப் பார்த்து, வேட்டியும் சட்டையும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மேலே மூக்குக் கண்ணாடி. கீழே ரெண்டு செருப்பும் சேர்ந்து இருந்தன. சட்டைப்பைக்குள் போன் மினுங்கியது. செல்வம் எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. அலாரம். திரையில் 'சுகர் மாத்திரை' என்று வந்து வந்து போனது.

நாங்கள் வந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. சாப்பிட்டோம், சிரித்தோம், படம் எடுத்தோம். அந்த நேரமெல்லாம் இந்தச் சட்டைக்காரர் எங்கே இருந்தார்?

மூன்று பேரும் ஒரே சமயத்தில் அருவிக்குக் கீழே இருந்த மடுவைப் பார்த்தோம். கலங்கிய தண்ணீர். அடி தெரியவில்லை.

"ஐயா!" என்று செல்வம் கத்தினார். "யாராவது கீறீங்களா? ஐயா!"

பாறைச்சுவர் அவர் குரலையே திருப்பி அனுப்பியது. "நீ ரோட்டுக்கு ஓடு, யாரையாவது நிறுத்து" என்று யாழினியை அனுப்பிவிட்டு, ஒரு நீளக் கொம்பை எடுத்து மடுவில் துழாவ ஆரம்பித்தார்.

நான் அண்ணியைத் தேடினேன். அவர் இன்னும் வெளியே வரவில்லை.

அண்ணி பேசியது

எனக்கு அருவியில் குளித்துப் பழக்கமில்லை. ஓரமாகப் பாறையைப் பிடித்துக்கொண்டு போனேன். தண்ணீர் தோளில் அடித்தபோது மூச்சே நின்றுவிட்டது.

அண்ணி திரைக்கு வெளியே, அதை ஒட்டி நின்றிருந்தார். வலது கை தோள்வரைக்கும் தண்ணீருக்குள் நுழைந்திருந்தது. கன்னம் கிட்டத்தட்ட தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது.

கிட்டே போனதும்தான் கேட்டது. பேசிக்கொண்டிருந்தார்.

"...மாடி ரூம்பு பூட்டியேதான் கீது. டேங்குல பாசி புடிச்சிப் போச்சி. ஆளு வச்சிக் கழுவணும்னு நெனைக்கிறேன், யாரும் வர மாட்டேங்கறான். அந்த செர்மனிக்காரம்மா போன் பண்ணிக் கேட்டுச்சி உங்கள. நான் எடுக்கல. இன்னான்னு சொல்றது..."

வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் பேசுகிற தொனி அது. நடுநடுவே நிறுத்தினார். பதிலைக் கேட்டுக்கொள்வது போலத் தலையசைத்தார்.

"அண்ணி," என்றேன். "அண்ணி!"

திரும்பினார். அவ்வளவு அமைதியான முகம்.

"கோமதி, அவரு உள்ளதான் கீறாரு."

"வாங்க அண்ணி. போலாம்."

"கையப் புடிச்சிக்கினு கீறாருடி. கை சூடா இருக்குது. சில்லுனு இல்ல."

ஒரு நொடி, அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த நொடி அந்த மடித்து வைத்த சட்டை நினைவுக்கு வந்தது. அருவிக்குப் பின்னால் நிஜமாகவே யாரோ இருக்கிறார்!

அண்ணியின் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் உடம்பு என் பக்கம் சாய்ந்தது, கை மட்டும் வரவில்லை. மறுபடி இழுத்தேன். உள்ளேயிருந்து யாரோ பிடித்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. என் கை உணர்ந்தது.

"உள்ள ஒரு ஆளு மாட்டிக்கினு இருக்காரு அண்ணி! விடுங்க, அவரு வரணும், ஆளக் கூப்புடணும்!"

அண்ணி என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு, கடைத்தெருவில் பழைய நாட்களில் செய்வாரே, அதே மாதிரி ஒரே வெட்டாகக் கையை உதறினார். கை வந்துவிட்டது.

திரைக்குப் பின்னால்

மோட்டார் பம்ப் ரிப்பேர் செய்கிறவர் என்பதால் செல்வத்தின் காரில் எப்போதும் நைலான் கயிறு இருக்கும். யாழினி சாலையில் நிறுத்திய வேனிலிருந்து மலைக்காரர்கள் ரெண்டு பேர் ஓடிவந்தார்கள். வழியில் யாழினி காட்ட, காரிலிருந்து கயிற்றையும் எடுத்து வந்திருந்தார்கள். உள்ளே ஆள் இருக்கிறார் என்று நான் சொன்னதும், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு செல்வம் ஓரமாக உள்ளே நுழைந்தார்.

அவர் தண்ணீருக்குள் மறைந்த பிறகு கயிறு மட்டும் தெரிந்தது. அது நகர்ந்தது, நின்றது, ரொம்ப நேரம் நின்றது. யாழினி என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கயிறு ஆடியது. இழுத்தார்கள்.

செல்வம் வந்தார். அவர் தோளில் சாய்ந்தபடி ஒரு ஆள். அறுபது வயதிருக்கும். டிராயர் மட்டும் போட்டிருந்தார். உடம்பெல்லாம் வெளுத்து, கண் பாதி மூடி, கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. உயிர் இருந்தது. பாறைச்சுவரில் ஒரு சின்னக் குடைவு, அதில் கல்லுக்கு நடுவே கால் சிக்கி, குந்தியபடி உட்கார்ந்திருந்தாராம்.

"கையப் பிரிக்கவே முடியல," என்று செல்வம் மூச்சு வாங்கச் சொன்னார். ரெண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, அக்குளுக்குள் திணித்துக்கொண்டு விறைத்துப் போயிருந்தார் அந்த மனிதர். படுக்க வைத்துத் துண்டு சுற்றியபோதுகூட எங்களால் அந்தக் கைகளை எடுக்க முடியவில்லை. அப்போது எனக்கு அது குளிரின் கொடுமையாக மட்டும்தான் தெரிந்தது.

அண்ணி வந்து மண்டி போட்டு உட்கார்ந்தார். முந்தானையால் அந்த மனிதரின் முகத்தைத் துடைத்தார். நெற்றி, கண், கன்னம், தாடை. பொறுமையாகத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவரு இல்ல," என்றார்.

அண்ணி அருவியைத் திரும்பிப் பார்த்தார்.

"செல்வம், உள்ள இன்னும் யாராவது கீறாங்களா பாருடா."

"இல்லக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"அக்கா, ஒரு ஆளு உட்கார்ற எடம்தான் அது. வேற யாரு இருப்பாங்க?"

அண்ணி எழுந்து என்னிடமிருந்து துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டார். காரில் அந்த மனிதரைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். மலையில் இருந்த ஆஸ்பத்திரிவரை அவர் தலையை அண்ணிதான் மடியில் தாங்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் கண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு வருஷத்துக்குச் சேர்த்து அழுதார்.

சாமைக்காரர்

அவர் பெயர் முருகேசன். கீழே மளிகைக்கடை வைத்திருக்கிறவர். மலைக்கு வந்து சாமையும் தேனும் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். அன்று காலையில் ஆள் இல்லாத இடமாக இருக்கிறதே என்று குளிக்க இறங்கி, பின்னால் என்ன இருக்கிறது பார்க்கலாம் என்று உள்ளே போயிருக்கிறார். கால் மாட்டிக்கொண்டது. மழையில் தண்ணீரும் கூடிவிட்டது.

கார்த்திகை தீபக் கூட்டமெல்லாம் ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு, கட்டுப்போட்ட காலோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தேன் பாட்டிலும் ஒரு மூட்டை சாமையும் கொண்டுவந்திருந்தார். அண்ணியும் அன்று இருந்தார்.

"நீங்கள்லாம் சாப்பிட்டதக்கூடப் பாத்துக்கினுதாம்மா இருந்தேன்," என்றார் அவர். "தண்ணிக்கு அந்தாண்ட நெழலு நெழலாத் தெரிஞ்சீங்க. கத்தினேன், கத்தினேன். என் சத்தம் எனக்கே கேக்கல. அப்புறம் குளுரு. கைய அக்குள்ல வச்சவன்தான், எடுக்க முடியல. உடம்பு என் பேச்சக் கேக்கல. அப்ப தண்ணியப் பொளந்துக்கினு ஒரு கை வந்துச்சி. என் மூஞ்சிக்கு நேரா. புடிச்சா பொழச்சேன். புடிக்க முடியலையே."

"புடிச்சீங்களே," என்றார் அண்ணி.

"இல்லம்மா."

"நீங்க புடிச்சீங்க. ரொம்ப நேரம் புடிச்சிக்கினு இருந்தீங்க."

முருகேசன் தன் மனைவியைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"அந்தக் கை சும்மா இல்லம்மா," என்றார் குரலை இறக்கி. "வெரலெல்லாம் மடங்கி இருந்துச்சி. எதையோ புடிச்சிக்கினு இருந்துச்சி. எனக்கும் அதுக்கும் நடுவுல. எனக்குத் தெரிஞ்சி அங்க ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் கழிச்சிப் போவும். மறுபடி வரும். வந்ததும் மறுபடி வெரலு மூடிக்கும்."

அவர் மனைவி அவசரமாகச் சிரித்தார். "சுகரு கம்மியானா இவருக்கு இப்படித்தாம்மா. இன்னா இன்னாவோ தெரியும். மனசுல வச்சிக்காதீங்க."

என் வீட்டுக்காரரும் "ஆமா ஆமா" என்றார். நானும் தலையசைத்தேன். என் கையில் மட்டும் அன்று அண்ணியின் தோளை இழுத்தபோது உணர்ந்த கனம் அப்படியே திரும்பி வந்தது.

அண்ணி அழுவார் என்று பயந்தேன். அவர் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். முருகேசனுக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாக. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி, தெருமுனைவரைக்கும் போய் ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தார். அடுத்த வாரமே ஆள் வைத்து டேங்கைக் கழுவினார். மாடி அறைகளைத் திறந்தார். இப்போது ரெண்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

யாழினி கல்லூரிக்குப் போய்விட்டாள். இந்த ஐப்பசியில் லீவுக்கு வந்தவள், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணியிடம் கேட்டாள்: "அத்தை, அந்த அருவிக்கு மறுபடி ஒரு வாட்டி போலாமா?"

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரல."

"ஏன் அத்தை, பயமா?"

"பயமா? அங்க எனக்கு இன்னா பயம்?" அண்ணி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அன்னிக்கி உங்கம்மா கூப்டாளேன்னு கைய உதறிட்டு வந்துட்டேன். இன்னொரு வாட்டி உதற என்னால ஆவாது."